குண்டு எழுத்தில் என் கணவர் பெயர்

பேருந்து போச்சம்பள்ளி தொழிற்பேட்டை முனையில் திரும்பியபோது அந்த பேனர் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டது என்றால் முதலில் எழுத்துதான். முகத்துக்கு முன்னால் எழுத்தைப் பார்ப்பது எங்கள் தொழிலில் வருகிற கோளாறு.

அது நான் வரைந்த எழுத்து. ஊறிய அப்பளம் மாதிரி இல்லாமல், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பன் மாதிரி உப்பி, ஓரமெல்லாம் மழுங்கி, வலப்பக்கம் சாய்ந்து நிற்கும் எழுத்து. யார் வீட்டுப் பிள்ளைக்கோ பிறந்தநாள் என்று நினைத்துச் சந்தோஷமாகவே படித்தேன்.

'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது.

அதன் கீழே 'செல்வராஜ்' என்று இருந்தது. நடுவில் ஒரு வட்டத்துக்குள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு, என் கணவர் இருந்தார்.

நான் கத்தவில்லை. பக்கத்தில் கீரைக்கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாமா, எறங்கணுமா?" என்றாள். தலையை ஆட்டினேன். அவள்தான் கண்டக்டருக்குக் குரல் கொடுத்து வண்டியை நிறுத்தினாள்.

மடிக்கணினிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேனரை நோக்கி நடந்தேன். கிட்டப் போனால் முகம் மாறிவிடும், வேறு யாரோ ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. மாறவில்லை. கம்பெனியில் பாதுகாப்பு நாளுக்குப் பரிசு வாங்கியபோது எடுத்த படம் அது. அந்த நீலச் சட்டையை அன்று காலையில் நான்தான் தேய்த்துக் கொடுத்தேன்.

பேனரின் மூலையில் ஒரு பலூன் இருந்தது. அழிக்க முயன்று பாதியில் விட்டிருந்தார்கள். பலூனுடைய நூல் என் கணவரின் காதருகே தொங்கியது.

பேக்கரிக்காகப் பிறந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அந்த எழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைய அதிர்ச்சியில் பாதி உங்களுக்கு வந்து சேராது.

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். இன்றைக்குப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ரெஜினா. கடைப் பலகை, பேனர், பொட்டலம் இவற்றுக்கெல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். வீடு கிருஷ்ணகிரியில், வேலை பெரும்பாலும் ஓசூரில். தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றை நானே வரைந்திருக்கிறேன். கணவர் செல்வராஜ் திண்டுக்கல்காரர், போச்சம்பள்ளி பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார்.

சில வருடங்களுக்கு முன் ஓசூர் பாகலூர் சாலையில் பேக்கரி திறந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டார். ஹாசன் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் தமிழில் கன்னடம் தாராளமாகக் கலந்திருக்கும்.

"எழுத்து நோடிதா ஹசிவு ஆகணும் மேடம்" என்றார். பார்த்தாலே பசிக்க வேண்டுமாம்.

எந்தத் தமிழ் எழுத்தைப் பார்த்தால் பசிக்கும்? கையிலிருந்த எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். ஒன்று அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தது. ஒன்று கல்யாணப் பத்திரிகை. ஒன்றைப் பார்த்து அவர், "இது மெடிக்கல் ஷாப்" என்று ஒதுக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு பன்னை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் கூர்மையான இடமே கிடையாது. அதைத்தான் வரைய வேண்டும் என்று அப்போது பட்டது.

உருண்டையாகவும் தடியாகவும் வரைந்தால் போதாது, அப்படியே உட்கார்ந்துவிடும். குண்டான ஆள் சுறுசுறுப்பாக நடந்தால் ஒரு அழகு வருமே, அது வேண்டும். அதற்குச் சாய்க்க வேண்டும்.

சாய்ப்பது கணினியில் ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதானே என்று பலரும் நினைக்கிறார்கள். அழுத்திப் பாருங்கள். 'ட' தப்பித்துக்கொள்ளும். வட்டமுள்ள எழுத்தெல்லாம் மிதிபட்ட முட்டை போல நசுங்கி, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் இளைத்துப் போகும். நம் எழுத்தில் வட்டமில்லாதவை எத்தனை? அதனால் ஒவ்வொன்றையும் சாய்ந்த நிலையிலேயே புதிதாக வரைந்தேன். 'ண', 'இ', 'ஐ' இவற்றின் வயிற்றுக்குள் வெளிச்சம் போக வேண்டும், இல்லையென்றால் தூரத்தில் மைக்கட்டியாகத் தெரியும். கோடு கோட்டைத் தாண்டுகிற இடத்தில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் மெலிய வைக்க வேண்டும். புள்ளி இன்னொரு தொல்லை. நேர் எழுத்தில் வைப்பது போல வைத்தால் எழுத்து முன்னால் ஓட, புள்ளி பின்னால் விழுந்து கிடக்கும். அதையும் கூடவே ஓட வைக்க வேண்டும்.

என் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது திரையை எட்டிப் பார்த்தார். "என்னடி இது, எழுத்தெல்லாம் பஸ்ஸப் புடிக்க ஓடுது?" என்றார். சரியாக வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

கோப்புக்கு 'பன்' என்றே பெயர் வைத்தேன். மற்றவர்கள் அதைக் 'குண்டு எழுத்து' என்றார்கள். அந்தப் பெயர்தான் நின்றது.

எங்கெல்லாம் போனது

பேக்கரிக்கு அடுத்து ஐஸ்கிரீம் கடை கேட்டது. பிறகு குழந்தைகள் பள்ளி, ஜூஸ் கடை, ஹெல்மெட் கடை, ஓட்டுநர் பயிற்சி. கன்னடத்துக்கும் அதே உடம்பில் வரைந்தேன். கன்னடம் பிறவியிலேயே உருண்டை என்பதால் தமிழைவிட அதில் இன்னும் பாந்தமாக உட்கார்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓசூரில் ஒரே பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்.

எழுத்துக்குக் குணம் உண்டு. கேன்டீன் சுவரில் 'சோறு வீணாக்க வேண்டாம்' என்று குண்டு எழுத்தில் எழுதினால் கோபப்படாமல் சொன்னது போல இருக்கும். அதே எழுத்தில் 'அபாயம், மின்சாரம்' என்று எழுதினால் ஒருவரும் பயப்பட மாட்டார்கள், கிட்டப் போய்த் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு வக்கீல் தன் பெயர்ப்பலகைக்குக் கேட்டார். "சார், உங்க கட்சிக்காரங்க கேஸ விட்டுட்டு டீ குடிக்க வந்துடுவாங்க" என்று சொல்லி நேர் எழுத்தில் செய்து கொடுத்தேன். பெரிதாக, நான்கைந்து சொல்லுக்குள் பயன்படுத்தினால் அழகு. பத்தி பத்தியாக அடித்தால் கண் வலிக்கும்.

இப்படியெல்லாம் நான் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாலும், எழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை. பென்டிரைவில் ஏறி சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் என்று பேனர் கடை கடையாகப் போய்விட்டது. நான் போயிராத ஊரிலெல்லாம் மஞ்சள் நீராட்டு விழா பேனரில் அதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோவின் முதுகில், தண்ணீர் டேங்கர் வயிற்றில் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கரும்பு லாரியின் பின்னால் 'அம்மா' என்று ஓடிக்கொண்டிருந்தது.

சாவுக்கு யாரும் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அந்தக் காலை வரையில்.

கேட்டில்

முந்தைய நாள் மதியம் வேலைக்குக் கிளம்பும்போது அவர், "ஆள் பத்தல, ராத்திரி ஷிப்டும் சேத்துப் பாத்துட்டுத்தான் வருவேன்" என்று சொல்லியிருந்தார். காலையில் வரவில்லை. கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. கம்பெனி பஸ் தாமதமாகியிருக்கும், சார்ஜ் தீர்ந்திருக்கும், வந்து படுத்துக்கொள்வார் என்று சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். போச்சம்பள்ளியில் ஒரு பேக்கரிக்காரர் பலகைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டிருந்தார்.

பேனருக்குக் கீழே நின்று மறுபடி கூப்பிட்டேன். அணைந்தே இருந்தது. வைத்த மறுகணம் ஓசூரிலிருந்து என் தோழி கூப்பிட்டாள். எடுத்ததும் அழுகைதான் கேட்டது.

"ரெஜி, யாரோ ஸ்டேட்டஸ் வெச்சிருந்தாங்க. எப்பிடிடி? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

பதில் சொல்லாமல் துண்டித்துவிட்டேன். எனக்கே யாரும் சொல்லவில்லையே.

கம்பெனி வாசலுக்கு எப்படி நடந்து போனேன் என்று நினைவில்லை. வழியில் இருந்த செருப்புக்கடையின் பலகை மட்டும் நினைவிருக்கிறது. அதிலும் என் எழுத்து.

வாசலில் இருந்த செக்யூரிட்டி இளைஞன் புதுமுகம். ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு.

"செல்வராஜ் அண்ணனா? நீங்க அண்ணனுக்கு என்ன வேணும்க்கா?"

"வீட்டுக்காரி."

அவன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். பேனரைவிட அந்தத் தொப்பிதான் என்னைக் கலங்கடித்தது. பேனரில் தப்பு இருக்கலாம் என்று உள்ளே ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. தொப்பியைக் கழற்றுகிற மனிதன் தப்பாகக் கழற்றுவானா?

"நேத்து பொழுதடைய, மெஷின்கிட்ட நிக்கையிலயே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாகளாம்க்கா. ஆம்புலன்ஸ்ல கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாக. வழியிலயே முடிஞ்சிருச்சுன்னு பேசிக்கிட்டாக. உங்களுக்குச் சொல்லலையா?"

"போன்..." என்றேன். "அவரு போன் அணைஞ்சிருக்கு."

உள்ளே போகிறவர்கள் போனைப் போட்டுவிட்டுப் போகும் பெட்டியைத் திறந்து துழாவி ஒன்றை எடுத்துக் காட்டினான். உடைந்த உறை, பின்னால் என் மகன் ஒட்டிய புலி. அவர் போன்தான். போன் இங்கே இருக்கிறது, மனிதர் வெளியே வரவில்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை.

"இப்ப எங்க வெச்சிருக்காங்க?"

"விடியக்காலமே ஊருக்குக் கொண்டுபோயிட்டாக. கல்லாவிக்கு."

"கல்லாவிக்கா?"

"ஆமாக்கா. ஆபீஸ்காரகளும் அங்கதான் போயிருக்காக."

கல்லாவியில் எங்களுக்கு யாருமே இல்லை. அந்த ஊர்ப் பெயரைப் பேருந்து நெற்றியில் பார்த்ததோடு சரி. எதற்கு என் கணவரைக் கல்லாவிக்குக் கொண்டுபோக வேண்டும்?

"இங்க செல்வராஜுன்னு எத்தன பேரு தம்பி?"

"தெரியலையேக்கா. நான் இப்பத்தான் சேந்தேன்" என்றான். சொல்லிவிட்டு, தப்பாக ஏதோ சொல்லிவிட்டவன் போல என்னையும் தன் கையிலிருந்த தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தான்.

கல்லாவி சாலை

ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"சாவுக்குப் போறீங்களாம்மா? யாரு எறந்துட்டாங்க?"

"தெரியலைங்க" என்றேன்.

அவர் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.

வழி முழுக்க ஒரே வேண்டுதல்தான். மாதாவே, அது வேறு செல்வராஜாக இருக்கட்டும், என் செல்வராஜாக இருக்க வேண்டாம். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது தோன்றவில்லை. இந்தப் பாரம் வேறு ஒரு பெண்ணின் தலையில் இறங்கட்டும் என்றுதானே கேட்டுக்கொண்டு போனேன்? அந்தப் பெண் யாரென்று இன்னும் சிறிது நேரத்தில் பார்க்கப் போகிறேன் என்பது தெரியாது.

நடுவில் ஒரு யோசனை வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். பேனரில் 'ஞ்ச' என்ற இடத்தில் இடைவெளி இடித்தது, அதை அந்த அளவில் கொஞ்சம் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்று மனம் பாட்டுக்கு ஓடியது. புருஷன் செத்துவிட்டானா இல்லையா என்று தெரியாமல் போகிறவளுக்கு இது ஒரு நினைப்பா? தலையில் அடித்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

ஏணியில் நின்றவர்

கல்லாவிச் சந்தையைத் தாண்டி ஒரு சந்து. சந்துக்குள் ஷாமியானா தெரிந்தது. முனையில், மின்கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஒருவர் மேலே நின்றிருந்தார். இங்கேயும் அதே பேனர். ஒரு பக்கக் கயிறு தொங்கியதால் பேனர் மடிந்து, என் கணவரின் சிரிப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

"கட்டாதீங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"கட்டலீங்க, அவுக்கறன்" என்றார் மேலிருந்தபடியே. "இது எங்க மாமா இல்லீங்க. இப்பதான் கடக்காரப் பசங்க வந்து கட்டிட்டுப் போனாங்க. எவனோ வேற ஆளு போட்டோவப் போட்டு அனுப்பிட்டான். உள்ள எங்கக்கா இன்னும் பாக்கல. அதுக்குள்ள எடுத்துடலாம்னு பாக்கறன்."

ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"இது என் வீட்டுக்காரரு."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். கையிலிருந்த கயிற்றை விடவில்லை. "அப்ப அவரு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் ஒரு படி இறங்கினார். படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்காகத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். நாற்காலி முகத்தை மறைத்தது. நீலச் சட்டை கசங்கி, ஒரு பக்கம் வெளியே வந்திருந்தது. அந்த நடை எனக்குத் தெரியும்.

"ரெஜி? நீ எங்க இங்க?"

நாற்காலிகளைக் கீழே வைத்தார். நான் போய் அவர் முகத்தைத் தொட்டேன். தாடி குத்தியது. பிறகு இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தேன். ஏன் அடிக்கிறேன் என்று புரியாமல் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சா? சொல்லுடி!"

பேனரைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். படித்தார். தான் கொண்டுவந்த நாற்காலிகளில் ஒன்றை உருவி, அதில் உட்கார்ந்துவிட்டார். மாலையோடு சந்துக்குள் வந்த ஒரு பெண் மேலே பேனரைப் பார்த்தாள், கீழே நாற்காலியைப் பார்த்தாள், "ஐயோ" என்று அலறி இரண்டடி பின்வாங்கினாள்.

"கொஞ்ச நேரமா எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க" என்றார் அவர் மெதுவாக. "ஏன்னு தெரியல."

நடந்தது இதுதான். இறந்தவர் பெயரும் செல்வராஜ். பக்கத்து மெஷின். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது தாங்கிப் பிடித்தவர் என் கணவர். போனை எடுக்கக்கூட நிற்காமல் ஆம்புலன்ஸில் ஏறியிருக்கிறார். என் நம்பர் அவருக்கு மனப்பாடம் கிடையாது. இரவெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் இருந்து, விடிந்ததும் உடலோடு இங்கே வந்துவிட்டார். எங்கள் தெருக்காரர் ஒருவரிடம் எனக்குச் சொல்லும்படி சொல்லி அனுப்பினாராம். அவர் வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

"என் கையப் புடிச்சிக்கிட்டேதான் வந்தான். கிருஷ்ணகிரி வர்றதுக்குள்ள புடி விட்டுப்போச்சு" என்றார்.

எனக்கு அழுகை பொங்கியது. அது துக்கம் இல்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு அழுதுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் நின்று சந்தோஷப்பட எனக்கு இடமில்லை.

ஏணியிலிருந்து இறங்கியவர் இறந்தவரின் மைத்துனர். பேனர் கடைக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். மறுமுனையில் டிசைன் போட்ட பெண் பேசினாள்.

"கம்பெனி குரூப்ல இருந்து எடுத்துக்கோன்னு சொன்னாங்கண்ணா. செல்வராஜுன்னு தேடுனன், இவரு போட்டோதான் வந்துச்சு. அவசரம்னாங்க. பர்த்டே டிசைன் ஒண்ணு தொறந்து இருந்துச்சு, அதுலயே மாத்திப் போட்டுட்டன். பலூனெல்லாம் அழிச்சிட்டனே!"

"ஒண்ணு இருக்குது" என்றேன்.

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அவளைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை. மைத்துனர் போனை வைத்துவிட்டு, கீழே கிடந்த பேனரைப் பார்த்தார். "இத என்னங்க பண்றது?" என்று என் கணவரையே கேட்டார். என் கணவர் முகம் உள்ளே போகும்படி அதைச் சுருட்டி, ஷாமியானா ஓரத்தில் வைத்தார்.

"நான் போட்டுத் தர்றேன்" என்றேன் மைத்துனரிடம். பையில் மடிக்கணினி இருந்தது. "அவரு போட்டோ ஒண்ணு மட்டும் குடுங்க."

சத்யா

கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் இறந்தவரின் மனைவி சத்யா உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். வெளியே நடந்த கூச்சல் அவள் காதுக்கும் வந்திருக்கிறது. தம்பி குனிந்து மெல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தாள்.

"நீங்கதான அந்த செல்வராஜண்ணன்? சொல்லுவாரு. கேன்டீன் டோக்கன்கூட மாறிப்போவும்னு சொல்லிச் சிரிப்பாரு."

என் கணவர் கைகூப்பினார்.

சத்யா தம்பியைப் பார்த்தாள். "போச்சம்பள்ளியில கட்டினதும் இவரு மொகந்தானா? அப்ப அவரு மொகம் எங்கியுமே இல்லியாடா?"

உயிரோடு இருக்கிறவரின் முகத்தைப் பார்த்து நான் கலங்கியதும், இல்லாமல் போனவரின் முகம் எங்கேயும் இல்லாததும் ஒரே பேனரில்தான் நடந்தது. இரண்டாவதை நான் அதுவரை நினைக்கவே இல்லை.

அவள் போனை வாங்கிப் பார்த்தோம். குழந்தை, குழந்தை, ஆட்டுக்குட்டி, சத்யா, மறுபடி குழந்தை. படமெடுத்தது அவர் என்பதால் எதிலும் அவர் இல்லை. கம்பெனி அட்டையில் இருந்த படம் நகம் அளவு. பெரிதாக்கினால் உடைந்தது. கடைசியாக ஒன்று கிடைத்தது. பைக் வாங்கிய அன்று எடுத்தது. கைப்பிடியில் மாலை போட்ட பைக்கில் அவர் முன்னால், சத்யா பின்னால். அகன்ற முகம், கொஞ்சம் வெட்கம், நேரான பார்வை.

சத்யா அந்த இடத்தை விட்டு எழவில்லை. அதனால் நானும் அங்கேயே தரையில் உட்கார்ந்து மடியில் கணினியைத் திறந்தேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

முதலில் எழுத்தை மாற்றினேன். நேராக நிற்கும், கறுப்பான, ஒழுங்கான எழுத்து. 'கண்ணீர் அஞ்சலி' அதில் அடக்கமாக உட்கார்ந்தது. கீழே பெயரையும் அதிலேயே அடித்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். திரை முழுக்க பைக்கின் பெட்ரோல் டேங்க் வந்தது.

டேங்கில் ஒரு ஸ்டிக்கர். 'செல்வா சத்யா' என்று எழுதியிருந்தது. உப்பி, மழுங்கி, வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிற என் எழுத்து.

அன்று காலையிலிருந்து எத்தனையோ அடி விழுந்திருந்தது. இது வேறு மாதிரி விழுந்தது. நான் பார்த்தேயிராத ஒரு மனிதர், என் எழுத்தைத் தன் பேருக்கும் மனைவி பேருக்கும் எடுத்து ஒட்டிக்கொண்டு, இந்தச் சாலைகளிலெல்லாம் தினமும் வேலைக்குப் போய் வந்திருக்கிறார்.

"இந்த ஸ்டிக்கர்..." என்றேன்.

சத்யா எட்டிப் பார்த்தாள். "அவரே போயி ஒட்டிக்கிட்டு வந்தாரு. ஏங்க இவ்ளோ குண்டா எழுதி வெச்சிருக்கீங்கன்னு கேட்டன். நீதான் எவ்ளோ தின்னாலும் ஒல்லியாவே இருக்கற, உம் பேராவது குண்டா இருக்கட்டும்னு சொன்னாரு."

சொல்லி முடிக்கும்போது அவள் உதடு சிரிக்கப் போனது. பாதியிலேயே உடைந்தது.

நான் எழுத்து வரைந்தவள் என்று அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்கிற இடமில்லை அது. 'கண்ணீர் அஞ்சலி'யை நேர் எழுத்திலேயே விட்டேன். 'செல்வராஜ்' என்ற பெயரை மட்டும் அழித்துவிட்டு, குண்டு எழுத்தில் மறுபடி அடித்தேன். 'ஜ்' மேல் புள்ளியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தேன். சாவுக்கு இந்த எழுத்து ஆகாது என்று அன்று காலைவரை யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அவரே தேர்ந்தெடுத்த எழுத்தை நான் எப்படி மாற்றுவது?

பிறகு படத்தை வெட்டினேன். பைக் போனது, பின்னால் இருந்த ஷோரூம் போனது, சத்யாவின் முகமும் போனது. அவர் மட்டும் நின்றார். இடது தோளில் ஒரு கை மிச்சமிருந்தது. பின்னால் உட்கார்ந்தவள் பிடித்துக்கொண்ட கை. பச்சைக் கண்ணாடி வளையல் அடுக்கிய கை.

அதை அழிப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. விரல்களை அழித்துவிட்டு வளையலுக்கு வந்தேன்.

"ஆமா, பொம்பள கை எதுக்கு. பாக்கறவங்க தப்பா பேசுவாங்க, எடுத்துடும்மா" என்றாள் பக்கத்திலிருந்த உறவுக்காரப் பெண்.

சத்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என் கையிங்க" என்றாள்.

நான் நிறுத்தினேன்.

"அது அங்கியே இருக்கட்டும்."

"சத்யா, நல்லாயிருக்காதுடி..." என்றாள் உறவுக்காரி.

"இருக்கட்டுங்கறன்."

குரல் உயரவில்லை. அழித்ததை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தேன். வளையல் வந்தது. பிறகு விரல்கள் வந்தன.

ஊத்தங்கரையில் எனக்குத் தெரிந்த பேனர் கடைக்காரர் ஒருவருக்கு அனுப்பினேன். உடலை எடுக்கக் கூப்பிடுகிற நேரத்தில் பேனர் வந்து சேர்ந்தது. அச்சடித்த சூடும் மை வாடையும் போகவில்லை. ஏணியில் என் கணவர் ஏறினார். கீழே நின்று கயிற்றை எடுத்துக் கொடுத்தவர் சத்யாவின் தம்பி. என் கணவர் மேலே முடிச்சுப் போட்டுவிட்டு, அந்த முகத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றார்.

தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் சந்து முனையோடு நின்றுவிட்டார்கள். இரண்டு பெண்கள் சத்யாவைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஊர்வலம் வளைவில் மறையும்வரை அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மறைந்த பிறகு நிமிர்ந்து பேனரைப் பார்த்தாள். நன்றாக வந்திருந்தது. வளையலின் பச்சைகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவர் தோளில் அவள் கை இருந்தது.